கண்டியின் வெள்ளை மாளிகை: சுவரோடு கதையையும் காப்போம்

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இதைக் கட்டி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு வடக்கே, உடவத்தகெலே காட்டின் அடிவாரத்தில் நிற்கும் ஜனாதிபதி மாளிகை, இலங்கையில் எஞ்சியிருக்கும் ஜோர்ஜியப் பாணி வீடுகளில் மிக நேர்த்தியானவற்றுள் ஒன்று. அதை எப்படிக் காப்பது? யாருக்காகக் காப்பது?

கண்டியின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹெரவின் கடைசி நாள். கெட்டம்பேயில் மகாவலி ஆற்று நீரை வாளால் வெட்டும் சடங்கு விடியலிலேயே முடிந்துவிட்டது. பகல் பெரஹெரவும் வீதி சுற்றித் திரும்பிவிட்டது. தேங்காய்க் கொப்பரைத் தீவட்டிகளின் கரி இன்னும் தெருவில் கிடக்கிறது. இத்தனை இரவுகள் நெரிசலில் நின்ற சனம் கலைந்து, பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கிறது. ஆனால் விழா முடிய இன்னும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது.

முரசொலி மீண்டும் எழுகிறது. அடுக்கடுக்காகச் சுற்றிய துணியும் பொன்வேலை செய்த நாற்கோணத் தொப்பியுமாக, தலதா மாளிகையின் தலைமைப் பொறுப்பாளரான தியவடன நிலமே வருகிறார். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பொறுப்பாளர்களான பஸ்நாயக்க நிலமேமார் உடன் வருகின்றனர். ஊர்வலம் தலதா மாளிகையிலிருந்து புறப்பட்டு, வடக்கே மரங்களுக்கு நடுவே தெரியும் வெள்ளை மாளிகையின் வாசலுக்குள் நுழைகிறது. அங்கே ஜனாதிபதி காத்திருக்கிறார். பெரஹெர குறைவின்றி நிறைவேறியது என்ற செய்தி அடங்கிய மடல் அவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. அப்போதுதான் அந்த ஆண்டின் விழா முறைப்படி முடிகிறது.

ஒரு காலத்தில் இந்தச் செய்தி கண்டி அரசனிடம் சொல்லப்பட்டது. 1815க்குப் பிறகு அரசன் இல்லை. ஆங்கிலேய ஆட்சி வந்தது, பின் சுதந்திரம், பின் குடியரசு. ஆட்சிகள் மாறினாலும் மடல் கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. அரசனுக்குரிய மரியாதையை, அரசனை வீழ்த்தியவர்கள் கட்டிய வீட்டின் வாசலில் வைத்து, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்குச் செலுத்துகிறோம். கண்டியின் இருநூறு ஆண்டு வரலாறு முழுவதும் அந்த ஒரு வாசலில் வந்து நிற்கிறது.

ஏன் இப்போது?

2022 ஜூலை 9 அன்று கொழும்பு ஜனாதிபதி மாளிகைக்குள் ஆயிரக்கணக்கான மக்கள் நுழைந்தார்கள். மதிலுக்கு வெளியே நின்று மட்டுமே பார்த்த கட்டடத்தின் கூடங்களையும் படிக்கட்டுகளையும் நாடு முதன்முறையாக உள்ளிருந்து கண்டது. அன்றிலிருந்து ஒரு கேள்வி ஓயவில்லை. இந்த மாளிகைகள் யாருடையவை?

2024 செப்டெம்பரில் பதவிக்கு வந்த அரசு அதற்கு ஒரு பதில் சொன்னது. நாட்டின் பல பாகங்களில் உள்ள ஜனாதிபதி மாளிகைகளை வேறு பயன்பாட்டுக்கு விடுவது. கொழும்பையும் கண்டியையும் மட்டும் வைத்துக்கொள்வது. யாழ்ப்பாணத்தில் இருப்பது என்னவாகும், நுவரெலியாவில் இருப்பது என்னவாகும் என்ற பேச்சு தேநீர்க்கடை வரை வந்தது. கண்டி மாளிகை மட்டும் அந்தப் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. அதை அரசே வைத்துக்கொள்வதால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம். உண்மையில் அதைப்பற்றிப் பேசவேண்டிய நேரம் இதுதான்.

போர்வீரர் கட்டிய வீடு

கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2 அன்று மகுல் மடுவவில் கையெழுத்தானது. நாயக்க மரபின் கடைசி அரசன் ஶ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். 1817, 1818 ஊவா எழுச்சியை ஆங்கிலேயர் கொடூரமாக அடக்கினார்கள். மலைநாட்டைப் படையால் வென்றாலும் பாதை இல்லாமல் ஆள முடியாது என்பதை அந்த எழுச்சி அவர்களுக்கு உணர்த்தியது.

இந்தச் சூழலில் வந்தவர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூ போரில் காயம்பட்ட தளபதி. 1820 முதல் 1822 வரை பதில் ஆளுநர். 1824 முதல் 1831 வரை ஆளுநர். கட்டுவதில் தீராத ஆவல் கொண்டவர். கல்கிசையில் கடலோர மாளிகை, நுவரெலியாவில் இன்று கிராண்ட் ஹோட்டலாக இருக்கும் இல்லம், கொழும்பு-கண்டிப் பாதை ஆகியவற்றோடு 1820களில் எழுந்ததுதான் கண்டி மாளிகை. 'கிங்ஸ் பவிலியன்' என்று பெயர் வைத்தார்கள். அப்போது இங்கிலாந்தின் அரசர் நான்காம் ஜோர்ஜ்.

இடத்தேர்வில் ஒரு கணக்கு இருந்தது. மேலே அரசர்களின் வனமாக இருந்த உடவத்தகெலே. கீழே தலதா மாளிகையும் பழைய அரண்மனையும் 1807இல் அரசன் வெட்டத் தொடங்கிய ஏரியும். இரண்டுக்கும் நடுவில் ஆளுநரின் வீடு. கண்டியில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பறையறைந்து சொல்லத் தேவையில்லாத இடம் அது.

அழகும் கணக்கும்

கண்டிக்காரர்களுக்கு மரத்தூணும் சாய்ந்த ஓட்டுக்கூரையும் கொண்ட வளவு தெரியும். முற்றத்தைச் சுற்றி அறைகள், தாழ்ந்த கூரை, உள்நோக்கித் திறக்கும் வாழ்க்கை. பார்ன்ஸின் மாளிகை இதற்கு நேர் எதிர்த் திசையில் சிந்திக்கிறது. நடுவில் உயர்ந்த கட்டு. அதன் இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்த இறக்கைகள். முகப்பில் வெண்தூண்கள். யன்னலுக்கு யன்னல் ஒரே இடைவெளி. வீடு முழுவதும் வெளியே பார்த்து நிற்கிறது.

இந்த ஒழுங்கின் மூலவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான அந்திரேயா பல்லேடியோ. பண்டைய ரோமக் கோயில்களின் அளவு விகிதங்களைப் பண்ணை வீடுகளுக்குக் கொண்டுவந்தவர் அவர். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நிலக்கிழார்கள் அவருடைய முறையைத் தழுவி நாட்டுப்புற மாளிகைகள் கட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பியது. டாபிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு 1803இல் கல்கத்தா அரச மாளிகை எழுந்தது. சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் விருந்து மண்டபம் 1802இல் கிரேக்கக் கோயில் போன்ற முகப்போடு திறக்கப்பட்டது. கண்டி மாளிகை அந்தக் குடும்பத்தின் மலைநாட்டுப் பிள்ளை.

ஆனால் அப்படியே பெயர்த்து வைத்த இங்கிலாந்து வீடு கண்டி மழையில் தாக்குப்பிடிக்காது. இங்குள்ள கலைஞர்களின் கை பட்ட இடம் அதுதான். வெயிலும் சாரலும் அறைக்குள் வராதபடி அகன்ற விறாந்தைகள். வெப்பக்காற்று மேலே ஏற உயர்ந்த கூரை. எதிரெதிர்த் திறப்புகளால் காட்டிலிருந்து இறங்கும் காற்று வீட்டை ஊடறுத்துப் போகும். 1845இல் குடியேற்றச் செயலாளராக வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இந்த வீட்டைப் புகழ்ந்து எழுதுகிறார். அவர் வியந்தது கட்டடத்தின் அழகை மட்டுமில்லை. தட்பவெப்பத்துக்கு அது பொருந்திய விதத்தையும் வியந்தார். சுவரிலும் தூணிலும் பூசியிருந்த, சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்து பளிங்குக்கு இணையான வெண்மையும் மினுக்கமும் கொண்டிருந்தது என்கிறார்.

அந்தச் சாந்து வேலை எங்களுக்குப் புதிதல்ல. மதராஸ் சுண்ணாம்பு என்று உலகம் புகழ்ந்ததும் செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் இன்றும் முகம் தெரியப் பளபளப்பதும் இதே மரபுதான். திட்டம் இத்தாலியில் பிறந்து இங்கிலாந்து வழியாக வந்தது. மேற்பூச்சு தென்னாசியக் கொத்தர்களின் கைத்திறன்.

---

பெட்டிச் செய்தி 1: ஜோர்ஜியப் பாணியை எப்படி அடையாளம் காண்பது?

- காலம்: 1714 முதல் 1830 வரை, ஜோர்ஜ் என்ற பெயரில் நான்கு அரசர்கள் அடுத்தடுத்து இங்கிலாந்தை ஆண்ட காலம்.
- சமச்சீர்: நடுவே கோடு போட்டால் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும்.
- விகிதம்: யன்னலின் உயரமும் அகலமும், மாடிகளின் உயரமும் கணக்கிட்ட விகிதத்தில் அமையும்.
- தூண்கள்: கிரேக்க, ரோம மரபுத் தூண்கள் முகப்பைத் தாங்கும்.
- அடக்கம்: சிற்பமும் அலங்காரமும் குறைவு. வெறும் சுவரும் நிழலும்தான் அழகு.
- கீழைத்தேயச் சேர்க்கை: விறாந்தை, சுண்ணாம்புச் சாந்து, மரத்தட்டி யன்னல்.

---

பாதையைப் போட்ட கைகள்

மாளிகையைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் அது ஓர் அழகான வீடு. அதற்கு வந்துசேரும் பாதையோடு சேர்த்துப் பார்த்தால் அது ஒரு பொருளாதாரத் திட்டம்.

கொழும்பு-கண்டிப் பாதை 1820இல் தொடங்கியது. பொறியியலாளர் கப்டன் வில்லியம் பிரான்சிஸ் டோசன் வழிநடத்தினார். பதின்ம வயதிலேயே படையில் சேர்ந்த தொமஸ் ஸ்கின்னர், கிராமங்களிலிருந்து திரட்டிய சுமார் 200 பேரை வைத்து ஒரு பகுதியைப் போட்டார். அந்த 200 பேரும் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் செய்யவேண்டிய ராஜகாரிய ஊழியத்தை ஆங்கிலேயர் ஒழிக்காமல், தங்கள் பாதைக்குத் திருப்பிவிட்டனர். ஏரி வெட்ட ஊழியம் கேட்ட அரசன்மீது சனத்துக்கு இருந்த கசப்பு வெள்ளையருக்கு உதவியது. பின்னர் அதே ஊழியத்தை அவர்களே வாங்கினார்கள். படையைச் சேர்ந்த பயனியர் அணிகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரும் கல் உடைத்தார்கள்.

டோசன் 1829இல் இறந்துபோனார். 1832இல் கடுகண்ணாவையில் அவர் நினைவாகக் கோபுரம் எழுந்தது. அதே 1832இல் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. தீவின் நிர்வாகத்தை ஆராய வந்த கோல்புறூக் குழுவின் பரிந்துரைப்படி ராஜகாரியம் ஒழிந்தது. வேலூரில் சிறையிருந்த கடைசி அரசன் கண்மூடினான். கண்டியின் பழைய உலகம் முடிந்து புதிய உலகம் தொடங்கியதற்கு ஓர் ஆண்டைச் சொல்லச் சொன்னால் 1832ஐச் சொல்லலாம்.

புதிய உலகத்தின் பெயர் கோப்பி. கோப்பிக்கு ஏற்றுமதி வரியை நீக்கியவர் பார்ன்ஸ். பேராதனைக்கு அருகே கன்னொருவையில் தாமே தோட்டம் போட்டார். அரச அதிகாரிகளும் அவரைப் பார்த்து நிலம் வாங்கினார்கள். மலைநாட்டுக் கிராமத்தவர் தோட்டக்கூலிக்கு வர விரும்பாததால், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை விழுங்கின. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் அறை மாறவில்லை.

ஆகவே, ஆளுநரின் மாளிகையும் தொழிலாளியின் லயன் அறையும் ஒரே கால்நூற்றாண்டில், ஒரே திட்டத்திலிருந்து பிறந்தவை. ஒன்றின் தூண்களைப் பற்றி எழுதிவிட்டு மற்றதன் தகரக் கூரையைப் பற்றி எழுதாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

மாளிகையில் வாழ்ந்தவர்கள்

பார்ன்ஸுக்குப் பின் வந்தவர் ஆளுநர் ரொபர்ட் வில்மட் ஹோட்டன். 1814இல் லண்டன் விருந்தொன்றில் கருப்பு உடையில் வந்த அவருடைய மனைவி ஆனைப் பார்த்துத்தான் கவிஞர் பைரன் தமது புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்றை எழுதினார். மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலேக்குள் செல்லும் நடைபாதை இன்றும் லேடி ஹோட்டன் பெயரில் இருக்கிறது. காட்டுப் பாதைகள் பலவற்றுக்கு ஆளுநர் மனைவியரின் பெயர்கள். பாதையை வெட்டியவர் ஒருவரின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை.

1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 8 அன்று கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடக்குமுறையின் கடுமை பிரித்தானியப் பாராளுமன்றம் வரை போய், டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

இரண்டாம் உலகப்போர் மாளிகையை உலக வரைபடத்தில் வைத்தது. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிய மவுண்ட்பேட்டன் பிரபு இங்கே தங்கினார். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஓலைக் கூரைக் கொட்டகைகளில் அலுவலகங்கள் இயங்கின. இம்பால், கொஹிமா சண்டைகள் நடந்த மாதங்கள் அவை. அந்தப் போர்முனைக்கு அப்பால், மலாயாவிலிருந்து சப்பானியர் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரம் பேர் சயாம்-பர்மா ரயில் பாதையில் ஏற்கெனவே மடிந்திருந்தார்கள். நம் மக்களின் துயரத்தோடு இந்த வீட்டுக்குள்ள தொடர்பு தேயிலையோடு முடிவதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் ஆளுநர் நாயகங்கள் வந்தார்கள். அவர்களில் வில்லியம் கோபல்லாவவின் கதை தனி. மாத்தளை துல்லேவையில் பிறந்த அவர், மவுண்ட்பேட்டன் மாளிகையில் இருந்த நாட்களில் கண்டி மாநகர ஆணையாளராக நகரின் குடிநீரையும் குப்பையையும் கவனித்துக்கொண்டிருந்தார். 1962இல் ஆளுநர் நாயகமானார். 1972 மே 22 அன்று இலங்கை குடியரசானபோது முதல் ஜனாதிபதியும் அவரே. நகரசபை ஊழியராகச் சுற்றி வந்த வீட்டுக்குள் நாட்டின் தலைவராக அவர் நுழைந்தார்.

---

பெட்டிச் செய்தி 2: காலக்கோடு

- 1807: ஶ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்டி ஏரியை வெட்டத் தொடங்குதல்
- 1815 மார்ச் 2: கண்டி ஒப்பந்தம்
- 1820: கொழும்பு-கண்டிப் பாதை வேலை ஆரம்பம்
- 1824-1831: பார்ன்ஸ் ஆளுநர், மாளிகை எழுந்த காலம்
- 1832: தபால் வண்டி, ராஜகாரியம் ஒழிப்பு, கடைசி அரசன் மறைவு
- 1856: உடவத்தகெலே ஒதுக்குக் காடாக அறிவிப்பு
- 1867: கண்டிக்குப் புகையிரதம்
- 1934: கண்டி அரசனின் சிம்மாசனம் இங்கிலாந்திலிருந்து திரும்பி வருதல்
- 1938: உடவத்தகெலே சரணாலயம்
- 1944: மவுண்ட்பேட்டன் வருகை
- 1972: குடியரசு, ஜனாதிபதி மாளிகை என்ற நிலை
- 1988: கண்டி புனித நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில்

---

சட்டம் கிழித்த கோடு

இலங்கையின் பழைய கட்டடங்களைக் காக்கும் அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். எது பழம்பொருள், எது பண்டைய நினைவுச்சின்னம் என்று வரையறுக்க அது ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டது. 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். அதற்கு முந்தியது தானாகவே பாதுகாப்புக்குள் வரும். அதற்குப் பிந்தியதை அமைச்சர் வர்த்தமானி அறிவித்தல் மூலம் தேர்ந்தெடுத்துச் சேர்க்கவேண்டும்.

அந்நாளில் சட்டம் இயற்றியோருக்கு அனுராதபுரமும் பொலன்னறுவையும் சிகிரியாவும் கண்முன் நின்றன. புதையல் தோண்டுவோரிடமிருந்து அவற்றைக் காப்பதே அவசரம். அந்த நோக்கம் நியாயமானது. ஆனால் அந்தக் கோட்டின் விளைவு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் கண்ணோட்டத்தையே வடிவமைத்துவிட்டது. அரசன் வீழ்ந்த நாளோடு நம் பாரம்பரியம் முடிந்துவிட்டது, அதற்குப் பின் நடந்ததெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்ற எண்ணம் வேரூன்றியது.

மலையகத் தமிழருக்கு இந்தக் கோடு இன்னும் கனமானது. அவர்களுடைய வரலாறு முழுவதுமே அந்தத் தேதிக்குப் பின்னால் இருக்கிறது. அவர்கள் நடந்த பாதை, வெட்டிய புகையிரதக் குகைகள், வாழ்ந்த லயன்கள், கட்டிய மாரியம்மன் கோயில்கள், பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் எதுவும் சட்டத்தின் இயல்பான பாதுகாப்புக்குள் வராது. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் வாதாடி வர்த்தமானி வாங்கவேண்டும். ஆளுநரின் மாளிகைக்காக வாதாட அரசு இருக்கிறது. லயன் அறைக்காக யார் போவார்?

போகம்பரை சொல்லும் பாடம்

பயன்பாடு நின்றுபோன கட்டடத்துக்கு என்ன நேரும் என்பதற்கு நகர மத்தியிலேயே சாட்சி இருக்கிறது. 1876இல் கட்டிய போகம்பரைச் சிறைச்சாலை 2014 தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன்பின் ஹோட்டல், வணிக வளாகம், அருங்காட்சியகம் என்று யோசனை மாறி யோசனை வந்தது. சுவர்கள் மழையில் காத்துக்கிடந்தன. ஜனாதிபதி மாளிகைக்கு அந்தக் கதி வராமல் இருப்பதற்குக் காரணம், அதில் இன்றும் ஆள் தங்குகிறார், விழா நடக்கிறது, விறாந்தை கூட்டப்படுகிறது என்பதுதான். பழைய வீட்டுக்கு முதல் மருந்து பயன்பாடு.

இரண்டாவது மருந்து சரியான பொருள். கண்டியின் ஈரப்பதத்தில் சுண்ணாம்புச் சுவர் நீரை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளிவிடும். வெடிப்பை மறைக்க அதன்மேல் சீமெந்து பூசினால் நீர் உள்ளேயே அடைபடும். சில மழைக்காலங்களில் பூச்சு கொப்புளித்து உதிரும். உள்ளேயிருக்கும் செங்கல் மாவாகும். பிளாஸ்டிக் வண்ணப்பூச்சும் அதே தீங்கைச் செய்யும். கண்டி நகரின் பழைய கடைத்தெருவில் இப்படிச் சீரழிந்த முகப்புகளை நடந்தே எண்ணலாம். சுண்ணாம்பை நீற்றி, மாதக்கணக்கில் ஊறவைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து மினுக்கேற்றத் தெரிந்த பாஸ்மார் அருகிவிட்டார்கள். அரச மாளிகையின் பராமரிப்பை அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் பட்டறையாக மாற்றினால், மாளிகையும் பிழைக்கும், கடைத்தெருவும் பிழைக்கும், சில இளைஞர்களுக்குத் தொழிலும் கிடைக்கும்.

மூன்றாவது, சூழல். 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்து உயிர்கள் போயின. அதன்பின் தலதா மாளிகைக்கு முன்னாலிருந்த வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. புனித வளாகத்துக்கு அமைதி கிடைத்தது. நெரிசல் முழுவதும் ஏரியைச் சுற்றும் பாதைக்குத் தள்ளப்பட்டது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் புகை எளிதில் கலைவதில்லை. வெண்சுவரில் படியும் கரிக்கும் நகரத்தின் போக்குவரத்துத் திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாளிகைக்கு மேலே 104 ஹெக்டேயர் உடவத்தகெலே காடு மழைநீரை உள்வாங்கிச் சரிவைப் பிடித்து நிற்கிறது. அந்தக் காட்டின் விளிம்பு கரைந்தால் கீழே எந்தச் சுவரும் நிலைக்காது.

---

பெட்டிச் செய்தி 3: ஒரே நடையில் பார்க்கக்கூடியவை

- மகுல் மடுவ: கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான மரத்தூண் மண்டபம்.
- பத்திரிப்புவ: ஏரியை வடிவமைத்த தேவேந்திர மூலாச்சாரி கட்டிய எண்கோண மண்டபம்.
- மலபார் வீதி: நாயக்க அரசர்களின் உறவினர் வாழ்ந்த தெரு.
- பிரித்தானியக் கல்லறைத் தோட்டம்: ஒப்பந்தத்தின் சூத்திரதாரி ஜோன் டொயிலி 1824இல் அடங்கிய இடம்.
- புனித பவுல் தேவாலயம்: 1840களின் செங்கல் கட்டடம்.
- உடவத்தகெலே: அரச வனம், இன்று சரணாலயம்.

---

உலகம் என்ன செய்கிறது?

ஜோர்ஜிய மாளிகைகளின் தாயகமான இங்கிலாந்தில் 1947இல் வந்த நகரத் திட்டச் சட்டம் பழைய கட்டடங்களைத் தரம்பிரித்துப் பட்டியலிடத் தொடங்கியது. பட்டியலில் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர்கூட அனுமதியில்லாமல் மாற்றம் செய்ய முடியாது. நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை நூற்றுக்கணக்கான மாளிகைகளைப் பொறுப்பேற்று மக்களுக்குத் திறந்துவிட்டது.

நமக்குப் பாடமாக வேண்டியது அதற்கடுத்த கட்டம். 2020இல் நேஷனல் ட்ரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் குடியேற்றவாதத்தோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்புகளை அது பட்டியலிட்டது. பெரும் சர்ச்சை எழுந்தது. வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு ஏன் குற்றவுணர்வைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் யோர்க்ஷயரில் ஹேர்வுட் மாளிகையைக் கட்டிய பணம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமைகளின் உழைப்பிலும் வந்தது என்று இன்று அங்கு போகும் பள்ளிப்பிள்ளைக்குத் தெரியும். அதனால் மாளிகையின் அழகு குறைந்துவிடவில்லை. அதைப் பார்க்கும் கண்தான் முதிர்ந்திருக்கிறது.

அரசுத் தலைவரின் இல்லத்தை மக்களுக்குத் திறப்பதும் ஆகாத காரியமில்லை. பக்கிங்காம் அரண்மனையின் அரச மண்டபங்கள் 1993 முதல் கோடையில் பார்வையாளருக்குத் திறக்கப்படுகின்றன. ஐதராபாத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரின் ஓய்வு இல்லமான ராஷ்டிரபதி நிலையம் 2023 மார்ச் முதல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. தலைவர் வந்து தங்கும் நாட்களில் மட்டும் மூடுகிறார்கள். பாதுகாப்பும் கெடவில்லை, மரியாதையும் குறையவில்லை.

லயன் அறையில் ஓர் அருங்காட்சியகம்

கண்டியிலிருந்து கம்பளை வழியாகப் போனால் பாரதெக்கவில் பழைய பீகொக் தோட்டம். அங்கே ஒரு லயன் வரிசையை அப்படியே வைத்து, 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் திறந்தது சமூக அபிவிருத்தி நிறுவகம். ஒரு குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று, இறந்த சின்னஞ்சிறு அறை. தொழிலாளர் கையாண்ட கருவிகளும் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. அரசாங்கம் செய்யாததைச் சமூகம் தன் முயற்சியில் செய்த இடம் அது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த வழியில் நடந்து, மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தவர்களும் அதே உணர்வைத்தான் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜனாதிபதி மாளிகையையும் பாரதெக்க லயனையும் ஒரே வரலாற்றின் இரண்டு அறைகளாகப் பார்க்கத் தொடங்கினால், காப்பது என்பதன் பொருளே விரியும். அதற்குச் செய்யவேண்டியவை கனவுகள் அல்ல, செய்யக்கூடிய வேலைகள்.

ஒன்று, மாளிகையின் ஒவ்வொரு சுவரையும் தூணையும் அளந்து வரைந்து, படமெடுத்து, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரும் பார்க்கக்கூடிய ஆவணமாக்குவது. இரண்டு, ஜனாதிபதி தங்காத நாட்களில், ஆண்டில் சில வாரங்களாவது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் தோட்டத்தையும் கூடங்களையும் திறப்பது. மூன்று, உள்ளே வைக்கும் விளக்கப் பலகைகளில் பார்ன்ஸோடு ராஜகாரியக் கிராமத்தவரையும் கோப்பித் தோட்டத் தமிழரையும் சுண்ணாம்பு மினுக்கிய கொத்தரையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெருமையோடு சொல்வது. நான்கு, 1815க்குப் பிந்திய மலைநாட்டுக் கட்டடங்களை, லயனும் தொழிற்சாலையும் கோயிலும் உட்பட, தொல்லியல் திணைக்களம் ஒழுங்காகக் கணக்கெடுத்து வர்த்தமானிக்குக் கொண்டுபோவது. ஐந்து, சட்டத்தில் நிற்கும் அந்த ஒற்றைத் தேதியைப் பாராளுமன்றம் மறுபரிசீலனை செய்வது.

இவற்றில் முதல் மூன்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஜனாதிபதி செயலகம் மனம்வைத்தால் போதும். இந்த மாளிகையை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த அரசுக்கு, அதை எதற்காக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் கடமையும் உண்டு. விருந்தினரைத் தங்கவைக்கத்தான் என்றால் அது வெறும் விடுதி. இருநூறு ஆண்டுகளாக இந்த மலைநாட்டை உருவாக்கிய எல்லோருடைய வரலாறும் பேசப்படும் இடமாக ஆக்கினால், ஆளுநர் தன் அதிகாரத்தைக் காட்டக் கட்டிய வீடு முதன்முறையாக அதைக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குச் சொந்தமாகும்.